அப்பா மொழிக்கு மார்க்

ஸ்பானிஷ் வகுப்பில் மார்னி டவுடெல் இரண்டாம் தடவையாகக் கோட்டை விட்டாள். முதல் தடவை தோற்றபோது வேலையின் மேல் பழியைப் போட்டிருந்தாள். பகல் முழுக்கப் பல் மருத்துவமனையின் முகப்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களின் கோபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் கல்லூரிக்கு ஓடி வருகிறவளுக்கு மண்டையில் என்ன ஏறும்? இரண்டாம் தடவைக்குச் சொல்லச் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேசச் சொன்ன அன்று, "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்ல நினைத்து, ஓர் எழுத்து புரண்டுபோய், "எனக்கு ஆம்பளை இருக்கிறான்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். விவாகரத்தாகி ஏழெட்டு வருஷம் ஆனவள் சொல்லக்கூடிய வாக்கியமா அது!

அவளுக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்களை மிசூரியின் இந்தச் சின்ன ஊர்க் கல்லூரியில் ஒவ்வொன்றாக முடித்துவிட்டாள். ஒரு வருஷத்துப் பிறமொழிப் பாடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

"வொனெட்டாவைப் போய்ப் பாருங்க" என்றார்கள் கல்லூரி அலுவலகத்தில்.

வொனெட்டா பிராஸ்ஃபீல்டின் அறை நூலகத்துக்குப் பின்னால், கட்டடத்துக்கே வெந்நீர் காய்ச்சும் கொதிகலனை ஒட்டி இருந்தது. சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஜனவரிப் பனியிலும் வொனெட்டா கையில்லாத சட்டைதான் போடுவாள். உள்ளே வருகிறவர்கள் முதல் வேலையாகக் கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கோட்டைக் கழற்றியவன் சீக்கிரம் எழுந்து போகமாட்டான் என்பது வொனெட்டாவின் அனுபவம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. வகுப்பில் உட்காராமலே ஒருவர் கற்றுக்கொண்டதைத் தேர்வு வைத்துப் பார்த்து, அதற்குரிய பாடத்தை முடித்ததாகக் கணக்கில் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. பட்டாளத்தில் இருந்தவன், கடை நடத்தியவன், வீட்டில் உட்கார்ந்து சும்மா படித்துத் தள்ளியவள் என்று யார் வந்தாலும் விடமாட்டாள். கிளறிக் கிளறி எதையாவது கண்டுபிடிப்பாள்.

"சொல்லு கண்ணு, உனக்கு என்னென்ன தெரியும்?" என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் தெரியாது, மிஸ் வொனெட்டா. ஸ்பானிஷ் சுத்தமா தெரியாது."

"தெரியாததை விடு. அதை எல்லாரும் சொல்வாங்க. தையல்? கம்ப்யூட்டர்? சர்ச்சுல பியானோ?"

"எனக்கு மொழிப் பாடம்தான் வேணும்."

"பிரெஞ்சு? ஜெர்மன்? உங்க தாத்தா யாராவது ஜெர்மன்ல திட்டுவாரா? இந்தப் பக்கம் நெறைய பேரு வீட்ல அது உண்டு."

மார்னி தலையாட்டி மறுத்தாள். அந்த நேரத்தில் கதவின் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. காது மூடிய தொப்பி, அதன் மேல் பனித்தூள், மூக்கு நுனி சிவந்து. மார்னியின் அப்பா எல்டன். அவளுடைய கார் பட்டறையில் கிடந்ததால் அன்று அவர்தான் அவளை அழைத்து வந்திருந்தார். காரில் உட்கார்ந்து உட்கார்ந்து பொறுமை போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி இரண்டு கைகளையும் தூக்கிப் பேச ஆரம்பித்தார்.

"என்ன, இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா? கார்ல என் மூக்கு உதிர்ந்து விழுந்துடுச்சு. தேடி எடுத்துட்டு வா."

மார்னியும் இங்கிருந்தே கைகளால் பதில் சொன்னாள். "ஹீட்டரைப் போட்டுக்க வேண்டியதுதானே? இன்னும் கொஞ்ச நேரம்."

"அந்தம்மா மிட்டாய் வெச்சிருக்கு பாரு. ரெண்டு எடுத்துட்டு வா. பச்சை வேணாம்."

"அப்பா, போ!"

அவர் போனார். மார்னி திரும்பினாள். வொனெட்டா வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அது?"

"எங்கப்பா. காது கேக்காது. அம்மாவுக்கும் கேக்காது. அம்மா இப்ப இல்ல."

"நீ இப்பப் பேசினியே, அது?"

"அதுவா? மிட்டாய் கேக்கறார்."

வொனெட்டா மேசையின் மேல் குனிந்து நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி. என் செல்லமே. மிட்டாய் கேக்கற அந்த மொழிக்கு நம்ம காலேஜ்ல பாடம் இருக்கு, வாத்தியார் இருக்கார், பிள்ளைங்க பணம் கட்டிப் படிக்குது. நீ என்னடான்னா ஸ்பானிஷ்ல ரெண்டு வாட்டி ஃபெயிலாகிட்டு வந்து எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறே!"

மார்னிக்குச் சிரிப்பு வரவில்லை. "அது படிச்சது இல்லைங்க. அது எங்க வீடு. எங்கப்பாகிட்ட பேசறதுக்கு மார்க்கா?"

"வீட்ல கத்துக்கிட்டா கத்துக்கிட்டதில்லையா?"

"வேண்டாம்" என்று மார்னி எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். பச்சை அல்லாத மிட்டாய் இரண்டு எடுத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

வேண்டாம் என்றதற்கு அவள் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. ஸ்பானிஷில் தோற்றால் ஸ்பானிஷில் தோற்றதோடு போயிற்று. இதில் உட்கார்ந்து தோற்றுவிட்டால் அப்புறம் தனக்கென்று என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சும்மா சொல்லி வைத்தாள். எல்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கை இரண்டும் காலியாக இருந்தால்தான் அவரால் முழுசாகப் பேச முடியும்.

"நம்ம பேச்சுக்கு மார்க் தர்றாங்களா? அப்ப எனக்கு டாக்டர் பட்டமே தரணும். உங்கம்மாவுக்கு ரெண்டு. அவ பேச ஆரம்பிச்சா நான் கண்ணை மூடிக்குவேன், அப்பவும் நிறுத்த மாட்டா."

"நான் போகல அப்பா."

"ஏன்?"

"சும்மாதான்."

"பயமா?"

"இல்ல."

"பயம்தான். இல்லன்னு சொல்ல உன் கை மேசையை விட்டு மேலயே வரல." அவர் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே ஒரு கையால் தொடர்ந்தார். "இந்த ஊர்ல காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடம் எத்தனை காலமா இருக்கு! அங்க நாங்க படிச்சப்ப, கிளாஸ்ல கையால பேசினா கைய டெஸ்க்குக்கு அடியில வெச்சுக்கச் சொல்வாங்க. இப்ப அதே பேச்சுக்கு மார்க் தர்றேன்னு ஒருத்தி கூப்பிடறா. நீ வேணாங்கறே. போடி, போய் வாங்கிட்டு வா. எனக்காக."

எனக்காக என்று அவர் சொல்லிவிட்டால் மார்னியால் மறுக்க முடியாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

கல்லூரியில் சைகை மொழி கற்றுத் தந்த ஹாஸ்கெலும் காது கேட்காதவர். கிழக்கே பெரிய நகரத்தில் படித்து வந்தவர். மெலிந்த தேகம், கச்சிதமாக வெட்டிய தாடி. ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்து வைப்பதுபோலப் பேசும் கைகள். தேர்வுக்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மார்னி போய் உட்கார்ந்தாள். ஊர், பனி, பட்டறையில் கிடக்கும் கார் என்று பேச்சு தண்ணீராக ஓடியது. ஹாஸ்கெலின் முகத்தில் மெச்சுதல் தெரிந்தது. வேலையைப் பற்றிக் கேட்டார்.

"முகப்பு மேசைதான். எங்க முதலாளி நல்லவர்" என்றாள்.

ஹாஸ்கெல் முன்னால் குனிந்தார். "யாரு நல்லவர்?"

"முதலாளி" என்று மறுபடியும், கொஞ்சம் மரியாதை சேர்த்தே சைகை செய்தாள். "எங்க பல் டாக்டர்."

ஹாஸ்கெலின் தோள்கள் குலுங்கின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க. அது முதலாளிங்கற சைகை இல்ல."

"பின்ன?"

"மாட்டுக்கு வாலுக்குக் கீழ இருக்கற இடம்."

மார்னிக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. அந்தச் சைகையால் அவள் இதுவரை குறிப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அப்பாவின் அச்சுக்கூடத்து மேலாளர். காது கேட்காதோர் சங்கத்தின் தலைவர். அவருடைய அறுபதாவது பிறந்தநாளில் மார்னிதான் மேடையேறி, "எங்கள் அன்புக்குரிய..." ஐயோ. அதோடு சர்ச்சில் புதிதாக வந்த போதகர்! காது கேட்காதவர்கள் உட்கார்ந்திருந்த பின் வரிசை முழுக்க அன்று ஏன் சிரிப்பை மறைத்துக் குனிந்துகொண்டது என்பது இப்போதுதான் புரிந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்ல. அப்பா அச்சுக்கூடத்துல வேலை பார்த்தார்."

"அப்ப சரி" என்றார் ஹாஸ்கெல், இன்னும் கண்ணைத் துடைத்தபடி. "அங்க மேலாளரை அப்படித்தான் கிண்டல் பண்ணுவாங்க. உங்க பேச்சைப் பார்த்தா ஒரு வயசான அச்சுக்கூடக்காரரோட உக்காந்து பேசற மாதிரி இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். ஆசிரியை ஆகணும்னு ஏன் ஆசை?"

"அப்பா சொல்வார், எனக்குப் பொறுமை ஜாஸ்தின்னு..."

"அது அப்பா சொல்றது."

"வொனெட்டா என்ன சொல்றாங்கன்னா..."

"அது வொனெட்டா. நீங்க?"

மார்னியின் கைகள் மேலே எழுந்து நின்றன. பக்கத்தில் யாரோ பேசப் போகிறார்கள், அதைக் கேட்டுச் சொன்னால் போதும் என்பதுபோல, தன்னையறியாமல் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே புத்தக அலமாரிதான் இருந்தது.

ஹாஸ்கெல் அவசரப்படுத்தவில்லை. மெதுவாகவே சொன்னார். "காது கேக்காதவங்க வீட்டுப் பிள்ளைங்க நெறைய பேரை நான் பார்த்திருக்கேன். அவங்க கையில எல்லாருக்கும் இடம் இருக்கும். டாக்டருக்கு, வங்கிக்காரனுக்கு, வீட்டுக்காரனுக்கு. அவங்களுக்கு மட்டும் இருக்காது. தேர்வுல உங்க சொந்த விஷயம் ஒண்ணை எடுத்து என்கிட்ட வாதாடணும். அடுத்த மாசம் வாங்க."

வொனெட்டாவின் அறையில் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மார்னி பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஃபெயில், மிஸ் வொனெட்டா."

"தேர்வே இன்னும் நடக்கல. நடக்காத தேர்வுல ஃபெயிலான ஒரே பொண்ணு நீதான்." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாட்டு விஷயத்துக்கு மட்டும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, வொனெட்டா சொன்னாள்: "வாதாடப் பழகணும், அவ்வளவுதானே? உங்கப்பாவை இங்க கூட்டிட்டு வா. வீட்ல வேண்டாம். வீட்ல அவர் அப்பா. இங்க வந்தா அவரும் என் மாணவன் மாதிரி."

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் எல்டன் வந்தார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, பன்றிக்கறி வைத்த ரொட்டிகளை மூன்று பேருக்கும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலாளிச் சைகை பற்றி மார்னி வீட்டிலேயே அவரிடம் கேட்டிருந்தாள். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! போதகரை அப்படிச் சொன்னப்ப, என் பொண்ணுக்கு எவ்வளவு தைரியம்னு பெருமைப்பட்டேன்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தவர், அதற்குப் பிறகு பார்க்கிற நேரமெல்லாம் அந்தச் சைகையைச் செய்து அவளை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். வொனெட்டா எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு, தான் நடுவில் நடுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆரம்பிங்க. ஏதாவது ஒண்ணைப் பத்தி வாதாடுங்க" என்றாள். மார்னி அதைக் கையால் அப்பாவுக்குச் சொன்னாள்.

எல்டன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார்.

"நான் அரிசோனாவுக்குப் போறேன்" என்றார்.

"நல்ல தலைப்பு" என்றாள் மார்னி. "எதுக்குப் போறே?"

"லுவானுக்கு அங்க வீடு இருக்கு. வெயில் ஊர். அவளும் நானும் அங்க இருக்கப் போறோம். ஏப்ரல் மாசம்."

லுவான் காது கேட்காதோர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சீட்டாட வரும் விதவை; அவளுக்கும் காது கேட்காது. எப்போதும் ஜெயிப்பாள். மார்னியின் கைகள் மடியில் விழுந்தன. இது தலைப்பு இல்லை.

"விளையாடறியா?"

"இல்ல."

"எனக்குத் தெரியாம?"

"இப்ப சொல்றேனே."

"ஏப்ரல்! வீடு? உன் இதய டாக்டர்? அந்த ஊர்ல யாரு உனக்குப் பேசுவா? ஆஸ்பத்திரிக்குப் போனா யாரு? வங்கிக்கு? குழாய் உடைஞ்சா யாரு ஃபோன் பண்ணுவா?"

"ஆஸ்பத்திரியில மொழிபெயர்க்கறவங்க இருக்காங்க. கூப்பிட்டா வரணும்னு சட்டமே இருக்கு. ஃபோன்ல படம் தெரியற காலம் இது. இதெல்லாம் இப்ப வந்ததில்ல, மார்னி. வந்து ரொம்பக் காலமாச்சு."

"அப்ப இத்தனை காலமா நான் லீவு போட்டுட்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வந்தது?"

எல்டன் தயங்கினார். "உனக்கு அது பிடிக்கும்னு நெனச்சேன்."

மார்னி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளாலேயே பின்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. கைகள் அதுபாட்டுக்கு ஓடின. "எனக்குப் பிடிக்குமா? ஏழு வயசுல வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரன் உன்னைத் திட்டினதை உன்கிட்ட நான் திட்டியிருக்கேன். அவன் திட்டினது எனக்கு வலிச்சது. நீ திருப்பித் திட்டினதை அவன்கிட்ட சொன்னப்ப அவன் என்னைத்தான் முறைச்சான். எனக்குப் பயமா இருந்தது. நான் யார்கிட்ட சொன்னேன்? ஸ்பிரிங்ஃபீல்டுல மூணு வருஷம் முந்தியே சேர்ந்திருப்பேன். உன்னைத் தனியா விடக் கூடாதுன்னு இங்கயே கிடந்தேன். இப்ப நீ பெட்டி கட்டிக்கிட்டு வெயில் காயப் போறே! ஒரு வார்த்தை கேட்டியா?"

"நான் எதுக்கு இந்தப் பனியில கிடந்தேன்? நீ தனியா இருப்பேன்னுதான்!"

"நான் கேட்டேனா?"

"நீ எதையாவது கேட்டிருக்கியா? இந்த முப்பத்தாறு வருஷத்துல 'எனக்கு வேணும்', 'எனக்கு வேணாம்' ஒரு நாள் சொல்லியிருக்கியா?" அவர் தரையில் காலை ஓங்கி மிதித்தார். காது கேட்காதவர்கள் வீட்டில் அடுத்தவர் கவனத்தை இழுக்க அப்படித்தான் மிதிப்பார்கள். மார்னி பதிலுக்கு மேசையை அறைந்தாள். மிட்டாய்க் கிண்ணம் துள்ளியது. எல்டனின் தொண்டையிலிருந்து அவர் அறியாமலே ஒரு முரட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்து நூலகத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கறீங்களா? பிள்ளைங்க படிக்குது."

"இவங்க இன்னும் ஒரு வார்த்தை பேசலம்மா" என்றாள் வொனெட்டா. அவள் நடுவில் உட்கார்ந்து, பந்தாட்டம் பார்க்கிறவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "யாராவது எனக்குச் சொல்லுங்களேன்! மொழிபெயர்க்கத் தெரிஞ்ச ஒரே ஆளும் சண்டையில இருக்கா!"

மார்னி மூச்சு வாங்கினாள். நெற்றியில் வியர்வை. "எனக்குக் கோபமா இருக்கு" என்றாள். கைகள் இப்போது மெதுவாக அசைந்தன. "எனக்கு... நீ போறது பிடிக்கல. எனக்கு உன்னை விட்டா இந்தப் பேச்சுப் பேச வேற ஆள் இல்ல."

எல்டன் எழுந்து வந்தார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். அவள் முன்னால் நின்று, கன்னத்துக் குழியில் விரலை வைத்துத் திருகும் அவளுடைய சைகைப் பெயரை, அவள் பிறந்த வாரம் அவரும் அம்மாவும் சேர்ந்து வைத்த பெயரை, தன் கன்னத்தில் செய்தார்.

"நான் கேட்டிருக்கணும். கேக்கல. நீ இல்லாம என்னால முடியாதுன்னு நீ நெனச்சுக்கிட்டிருந்தது எனக்குக் கொஞ்சம் சுகமா இருந்தது. அதுதான் உண்மை." பிறகு, "எல்லாம் உனக்காகன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு லுவானைப் பிடிச்சிருக்கு. பனியைப் பிடிக்கல" என்றார்.

மார்னி மூக்கை உறிஞ்சினாள். "அவ சீட்டுல ஏமாத்தறா, தெரியுமா?"

"தெரியும். அதான் பிடிச்சிருக்கு."

எல்டன் பொட்டலத்தைப் பிரித்து முதல் ரொட்டியை வொனெட்டாவிடம் நீட்டினார். அவள் எதையும் கேட்காமல் வாங்கிக் கடித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அந்தச் சூட்டில் எல்டனின் நல்ல சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் வொனெட்டா மார்னியிடம் கேட்டாள். "யாரு ஜெயிச்சா?"

"தெரியல, மிஸ் வொனெட்டா."

"எனக்கும் ஒண்ணும் புரியல. ஆனா கண்ணு, இத்தனை நாள் உன்னைப் பார்த்திருக்கேன், இன்னிக்குத்தான் உன்னை முழுசாப் பார்த்தேன்" என்று அவள் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

தேர்வு நாளில் ஹாஸ்கெல் காமிராவை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முதலில் எழுத்துப் பகுதி. சைகை மொழியின் இலக்கணம், காது கேட்காதோர் கல்வியின் வரலாறு. இலக்கணத்தில் திணறினாள், தினமும் பேசுவதற்கு இப்படியெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிது. வரலாற்றில் அப்பா சொன்ன கதைகள் கைகொடுத்தன. அப்பா பிறப்பதற்கு முந்திய வரலாறு கைவிட்டது.

பிறகு வாதம்.

"எதைப் பத்தி?" என்றார் ஹாஸ்கெல்.

"எங்கப்பா அரிசோனாவுக்குப் போகக் கூடாது. ஏன்னு சொல்றேன்."

அவள் சொன்னாள். லுவானின் சீட்டாட்டத்தைச் சொன்னாள். மாத்திரை சாப்பிட மறக்கும் அப்பாவை, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் தூங்கும் அப்பாவைச் சொன்னாள். ஹாஸ்கெல் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்கேள்வி போட்டார். லுவானுக்குக் கண் தெரியாதா? மாத்திரையை அவள் ஞாபகப்படுத்த மாட்டாளா? பதில் சொல்லச் சொல்ல மார்னியின் வாதம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. சங்கத்தில் லுவான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா சிரிக்கும் விதத்தைச் சொன்னாள். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சொல்லிக்கொண்டே வந்தவளின் கைகள் நடுவில் நின்றன.

"என்ன ஆச்சு?" என்றார் ஹாஸ்கெல்.

"அவர் போகணும்" என்றாள் மார்னி. "போகட்டும். நானும் போகணும். எனக்குச் சின்னப் பிள்ளைங்களோட இருக்கணும். என்கிட்ட வந்து அதுங்க எனக்கு இது வேணும், அது வேணாம்னு சொல்லணும். அதைக் கேக்கணும் நான். எனக்கு அதுதான் வேணும்."

"நீங்க உங்க கட்சிக்கே எதிரா வாதாடி முடிச்சிருக்கீங்க."

"ஆமாம். தோத்துட்டேனா?"

ஹாஸ்கெல் காமிராவை அணைத்துவிட்டு எழுந்தார். "முடிவை வொனெட்டா சொல்வாங்க" என்றார். மறுநாள் வொனெட்டாதான் பல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"முதல் வருஷம் முழுசும் கிடைச்சிருச்சு! ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அது போதும்" என்று காது கிழியக் கத்தினாள். "ரெண்டாம் வருஷத்துக்கும் கேட்டுப் பார்த்தேன். அந்த மனுஷன் அசைய மாட்டேங்கறார். வரலாறு படிக்கணுமாம். அப்பாவை மட்டும் படிச்சா போதாதாம். ஹலோ? இருக்கியா? அழறியா?"

"ஒருத்தருக்குப் பல் வலிக்குது, மிஸ் வொனெட்டா, நான் அப்புறமா..." என்றாள் மார்னி. பல்வலிக்காரர் தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஏப்ரலில் லுவானின் நீல நிறக் கார் வந்து வாசலில் நின்றது. எல்டன் பெட்டிகளை ஏற்றினார்; இறக்கினார்; வேறு மாதிரி அடுக்கி மறுபடி ஏற்றினார். மார்னி லுவானிடம் மாத்திரை விஷயத்தை இரண்டு முறை சொன்னாள். லுவான் இரண்டு முறையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உன் தேர்வுல நான் பாஸ் பண்ணிட்டேன், போதும்" என்றாள். கார் தெரு முனை திரும்பும்வரை எல்டன் ஜன்னல் வழியே கையை நீட்டி ஏதோ பேசிக்கொண்டே போனார். பாதிதான் புரிந்தது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றி ஏதோ.

ஆகஸ்டில் மார்னி ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மாடி அறை எடுத்தாள். வகுப்பு தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அரிசோனாவிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் அப்பாவின் மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன. தொலைபேசியை ஒரு கையில் பிடித்திருந்ததால் மறு கையால் மட்டும் பேசினார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

"எதையாவது சாய்ச்சு வெச்சுட்டுப் பேசு அப்பா! பாதி வார்த்தைதான் வருது!"

அவர் எதன் மேலோ சாய்த்தார். படம் சரிந்து, கூரையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் விசிறியே பேசிக்கொண்டிருந்தது. பிறகு மோதிரம் போட்ட லுவானின் கை ஒன்று வந்து தொலைபேசியை நிமிர்த்தி, அப்பாவின் தலையையும் பிடித்துத் திருப்பித் திரைக்கு நேராக வைத்துவிட்டுப் போனது.

"ம், சொல்லு" என்றார் எல்டன் இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டு. "உன் கதையைச் சொல்லு முதல்ல."

மார்னி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.